மஸ்அலா மட்டும் போதுமா?



பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் என் போன்றோரிடம் ஊர்ப் பெண்கள் கேட்டு வரும் மஸ்அலாக்களில் பெரும்பாலானவை உதிரத்தைப் பற்றியவையாகவே இருக்கும். எத்தனை நாள் வந்தால் ஹைளு, எப்போது குளிக்க வேண்டும், விடுபட்ட நோன்பை எப்போது களாச் செய்வது என்றெல்லாம் கேட்பார்கள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். உம்மாவிடமும் கணவரிடமும் சொல்லாத செய்தியை ஆலிமாவிடம் சொல்வார்கள். இது ஓர் அமானிதம். இந்த அமானிதத்தில் நான் ஒருமுறை குறை வைத்துவிட்டேன். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் பெரியம்மா மகள் ஒருவர். லாத்தா என்றே அழைப்பேன். அவருக்கு மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு நாள் லுஹருக்குப் பின் என் வீட்டிற்கு வந்தவர், என் மகளை வெளியே அனுப்பிவிட்டு, "எனக்கு மறுபடியும் உதிரம் படுதும்மா. இருபது நாளாச்சு, நிக்கல. நான் தொழலாமா, கூடாதா?" என்று கேட்டார். கிதாபில் ஓதியதை ஒன்றுவிடாமல் விளக்கினேன். மாதவிடாய்க்குரிய நாள்களைக் கடந்து நீடிக்கும் உதிரம் இஸ்திஹாளா என்றும், சுத்தம் செய்து துணி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் நேரம் வந்த பின் வுளூச் செய்து தொழ வேண்டும் என்றும் கூறினேன். லாத்தாவின் முகம் தெளிந்தது. "அல்ஹம்துலில்லாஹ், தொழுகை தப்பல" என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

நான் சொன்ன மஸ்அலாவில் பிழையில்லை. ஆனால், அந்த உதிரம் ஏன் வருகிறது என்று நான் கேட்கவில்லை. மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. லாத்தாவும் போகவில்லை. ஒன்பது மாதங்கள் வுளூச் செய்து தொழுதுகொண்டே இருந்தார். இடுப்பு வலி தாங்க முடியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, கருப்பை வாயில் தோன்றிய புற்றுநோய் முற்றிப் பரவியிருந்தது. அடுத்த ரமளானை அவர் காணவில்லை. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய மய்யித்தைக் குளிப்பாட்டியவர்களுள் நானும் ஒருத்தி.

அஜல் அல்லாஹ்வின் கையில் உள்ளது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கயிறு என் கையில் இருந்தது, நான் கட்டவில்லை. பட்டப்படிப்பும் படித்தேன், மதரஸாவிலும் ஓதினேன். இரண்டும் இருந்தும் இந்த நோயைப் பற்றி ஒரு வரிகூட அறியாதிருந்தேன். பின்னர் அறிந்தவற்றையும், நானே அந்தப் பரிசோதனைக்குச் சென்று கண்டவற்றையும் சகோதரிகள் முன் வைக்கிறேன்.

முன்கூட்டியே அறியத்தக்க நோய்

கருப்பையின் அடிப்பகுதி குறுகி, பிறப்புப் பாதையில் வந்து திறக்கும் இடமே கருப்பை வாய். அங்கே தோன்றும் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் உள்ளது. 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அவ்வோர் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பெண்கள் இதனால் இறந்தனர்.

இதில் வேதனைக்குரிய செய்தி என்னவெனில், இது திடீரென வரும் நோயன்று. ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி கருப்பை வாயில் தொற்றி, பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் மறையாமல் தங்கி, அங்குள்ள உயிரணுக்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ட்சுர் ஹவுசனுக்கு 2008-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இத்தனை நீண்ட அவகாசத்தை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். அந்த அவகாசத்தில் ஒருமுறையேனும் பார்த்துவிட்டால், புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே அதை நீக்கிவிடலாம்.

பார்ப்பதற்கான ஒரு வழியை வகுத்தவர், கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவு என்னும் மருத்துவர். அவருடைய பெயரின் முற்பகுதியே 'பாப் ஸ்மியர்' என்று இன்றும் வழங்குகிறது. பிறப்புப் பாதையிலிருந்து சில உயிரணுக்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் நோயின் முதற்குறி தெரியும் என்பதை, ட்ராட் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1943-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் தம்மையே பரிசோதனைக்கு உட்படுத்திக்கொண்டவர் அவருடைய மனைவி. ஒரு பெண்ணின் பொறுமையினால் உலகப் பெண்கள் அனைவரும் பயனடைந்தனர்.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையிலான கிராமப்புறப் பெண்களிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை ஒரே ஒரு முறை செய்தனர். தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் அளித்தனர். சோதனை செய்யப்பட்ட பகுதிகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்ததாக 2007-இல் முடிவு வெளியாயிற்று. அதே 2007-இல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் அரசு இச்சோதனையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தியது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்கின்றனர்.

வசதி இவ்வளவு அருகில் இருந்தும், 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்போது, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழகப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொண்டிருக்கவில்லை. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. வீட்டுக்கு எட்டும் தொலைவில் இருந்தும் நாம் போகாததற்குக் காரணங்களுள் முதன்மையானது வெட்கம்.

ஹயா எதைத் தடுக்கும்?

ஹயா ஈமானின் ஒரு பகுதி என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அந்த நாணத்தை விட்டுவிடுமாறு நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால், அதே நபி (ஸல்) அவர்களின் சபையில் பெண்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அன்னை உம்மு சுலைம் (ரலி) அவர்கள், பெண்கள் கேட்கக் கூசும் குளிப்பைப் பற்றிய ஒரு கேள்வியை நபியவர்களிடம் நேரிலேயே கேட்டார்கள். அவர்கள் கண்டிக்கப்படவில்லை, விடையளிக்கப்பட்டார்கள். மார்க்கத்தை அறிவதற்கு வெட்கம் தடையாக இருக்கவிடாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள், உதிரம் நிற்கவில்லையே, தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டபோது, அது மாதவிடாய் அன்று, ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கினார்கள். இந்த நபிமொழியை நான் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறேன். ஆனால், உடலில் ஒரு காரணம் இருக்கிறது என்பதையும் அதே நபிமொழி சுட்டுகிறது என்பது லாத்தாவின் மரணத்துக்குப் பின்னரே என் சிந்தைக்கு எட்டியது. காரணம் உடலில் இருக்குமானால், மருந்து தேடுவதும் நம்மீதுள்ள பொறுப்பன்றோ? மருந்தில்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் இறக்கவில்லை என்றும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது.

பிறர் முன் அவ்ரத்தைத் திறக்கலாமா என்னும் ஐயம் இயல்பானதே. மருத்துவத் தேவைக்காக, தேவையான இடத்தை மட்டும், தேவையான நேரம் மட்டும் திறப்பது அனுமதிக்கப்பட்டதென்பதே ஃபிக்ஹு அறிஞர்களின் முடிவு. 1993-ஆம் ஆண்டு புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹுப் பேரவை இதற்கு ஒரு வரிசையையும் எடுத்துரைத்தது. முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர். அவர் இல்லையெனில் நம்பிக்கைக்குரிய பிற சமயப் பெண் மருத்துவர். அவரும் இல்லாதபோது முஸ்லிம் ஆண் மருத்துவர். அதற்கும் வழியில்லையெனில் பிற சமய ஆண் மருத்துவர். ஆண் மருத்துவராயின் மஹ்ரமோ கணவரோ நம்பத்தகுந்த ஒரு பெண்ணோ உடன் இருக்க வேண்டும். நம் ஊர்களில் இந்தப் பரிசோதனையைப் பெண் மருத்துவர்களும் செவிலியரும் செய்கின்றனர். எனவே பெரும்பாலோருக்கு வரிசையின் முதலிரு படிகளுக்கு அப்பால் செல்ல வேண்டியதில்லை.

நான் சென்று வந்த கதை

இவ்வளவும் அறிந்த பின்னும் எனக்குத் துணிவு வரவில்லை. ஓராண்டு தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு நாள் சென்றேன். அங்கே படுக்கைக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு திரைகூடச் சரியாக இல்லை. நான் உள்ளே இருக்கும்போதே ஆண் ஊழியர் ஒருவர் கோப்புகளை எடுத்துக்கொண்டு வந்து போனார். "கதவைத் தாழிடுங்கள்" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு எட்டு மாதங்கள் போகவில்லை. அன்று நான் எழுந்து வந்தது தவறன்று. கேட்காமல் வந்ததும், வேறிடம் தேடாமல் எட்டு மாதங்களைக் கடத்தியதும்தான் தவறு.

இரண்டாம் முறை, உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பக்கத்து ஊரில் உள்ள ஒரு பெண் மருத்துவரிடம் சென்றேன். அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் நான் கேட்பதற்கு முன்பே கதவைத் தாழிட்டார். கருவியைக் கையில் எடுத்துக் காட்டினார். "வேண்டாம்னு தோணினா உடனே சொல்லுங்கம்மா, நிறுத்திடறேன்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே என் பாதி அச்சம் நீங்கிற்று.

என்ன நடக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அறியாததனால் வரும் அச்சமே பெரிது.

சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். வயிறு இலேசாக இருந்தால் அழுத்தம் குறையும். நான் அகலமான பாவாடை அணிந்து சென்றிருந்தேன். அதனால் உள்ளாடையை மட்டும் நீக்கினால் போதுமானதாக இருந்தது. தலைத்துணியைக்கூட எடுக்கவில்லை. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி விரித்து வைக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே ஒரு துணியைப் போர்த்தினார்கள். மருத்துவர் அமர்ந்திருக்கும் பக்கம் தவிர வேறெங்கும் எதுவும் தெரியாது.

பிறகு ஸ்பெகுலம் என்னும் கருவியை மெல்லச் செலுத்துவார்கள். வாத்தின் அலகைப் போல் இருக்கும். உலோகத்திலும் உண்டு, பிளாஸ்டிக்கிலும் உண்டு. உள்ளே சென்றபின் அதைச் சிறிது விரித்து, கருப்பை வாய் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிறார்கள். இதுதான் இப்பரிசோதனையின் கடினமான பகுதி. ஊசி குத்துவதைப் போன்ற வலி அன்று. உள்ளே எதுவோ அழுத்தி நெருக்குவதைப் போன்ற உணர்வு. நான் அஞ்சி இடுப்பை இறுக்கியபோது நெருக்கம் மிகுந்தது. "வாயால மூச்சை மெதுவா விடுங்க, இடுப்பைத் தளர்த்துங்க" என்று மருத்துவர் சொன்னார். அவ்வாறே செய்ததும் குறைந்தது. பின்பு ஒரு சிறு மரத் துடுப்பாலோ மென்தூரிகையாலோ கருப்பை வாயை ஒரு சுற்றுச் சுற்றி வழித்தெடுக்கிறார்கள். அடிவயிற்றில் தொழாத நாள்களின் முதல் நாளில் வருவது போன்ற ஒரு சுருக்கென்ற பிடிப்பு, சில நொடிகள்தாம். கருவியை எடுத்துவிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. இதற்காகவா இத்தனை மாதங்கள் அஞ்சிக்கிடந்தோம் என்று தோன்றியது.

எனக்கு எளிதாக இருந்ததென்பதால் எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு உண்மையிலேயே வலிக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அவ்விடம் வறண்டு மெலிந்திருப்பதால் எரிச்சலும் வலியும் மிகுதியாக இருக்கலாம். முன்பே சொன்னால், சில வாரங்கள் தடவிக்கொள்ள மருந்து கொடுத்து, அதன் பின் சோதனை செய்வார்கள். குழந்தைப்பேற்றில் காயம்பட்டவர்கள், தாம்பத்தியத்தின்போதே வலியால் துன்புறுபவர்கள், கடந்த காலத்தில் கொடுமைக்கு ஆளானவர்கள் ஆகியோரும் அதை மருத்துவரிடம் ஒரு வார்த்தையில் தெரிவிப்பது நல்லது. சிறிய அளவுக் கருவியைக் கேட்கலாம். உலோகக் கருவியை வெந்நீரில் காட்டிக் குளிர்ச்சியைப் போக்கச் சொல்லலாம். துணைக்கு வந்த பெண்ணை அருகில் நிற்கவைக்கக் கோரலாம். வலி பொறுக்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். இவற்றைக் கேட்பது நம் உரிமை. வாயை மூடிக்கொண்டு வேதனைப்படுவது பொறுமை ஆகாது.

சுகாதார நிலையங்களில் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனைக்கும் இதே கருவியைத்தான் செலுத்துவார்கள். வழித்தெடுப்பதற்குப் பதிலாகப் பஞ்சில் நனைத்து ஒற்றி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். சிறிது எரியலாம். கோளாறுள்ள இடம் வெண்மையாக மாறித் தெரியும். முடிவையும் அன்றே சொல்லிவிடுவார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு இம்முறை அவ்வளவாகப் பொருந்துவதில்லை. அவர்களுக்கு வேறு சோதனை சொல்லப்படும். மூன்றாவதாக, ஹெச்.பி.வி. கிருமியையே நேரடியாகக் கண்டறியும் சோதனை உண்டு. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதனையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. இதன் சிறப்பு, மாதிரியைப் பெண்ணே தனிமையில் ஒரு சிறு குச்சியால் எடுத்துக்கொள்ள இயலும் என்பது. நம்மவர் பலர் வாழும் மலேசியாவில் 2018-இல் தொடங்கிய ஒரு திட்டம் இம்முறையையே கையாண்டது. கூச்சம் மிகுந்த சகோதரிகள், இந்த வசதி உண்டா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

செல்லும் முன்னும் சென்று வந்த பின்னும்

தொழாத நாள்களில் இச்சோதனைக்குச் செல்ல வேண்டாம். அந்நாள்கள் முடிந்து ஒரு வாரத்துக்குள் செல்வது ஏற்றது. அதற்கு முந்தைய இரண்டு நாள்கள் தாம்பத்தியத்தையும், உள்ளே வைக்கும் மருந்துகளையும், உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவுவதையும் தவிர்க்க வேண்டும். 30 வயதில் தொடங்கி 65 வயது வரை, பாப் ஸ்மியர் எனில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அமிலச் சோதனை எனில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செய்துகொள்வது வழக்கு. கணவரை இழந்து ஆண்டுகள் பல ஆனவர்களும், பேரன் பேத்தி எடுத்தவர்களும், "இனி நமக்கு எதற்கு?" என்று எண்ணிவிடலாகாது. கிருமி இளமையில் தொற்றி முதுமையில் வெளிப்படும் நோய் இது.

சோதனைக்குப் பின் ஓரிரு நாள்கள் துளி உதிரம் காணலாம். அது வழித்தெடுத்த இடத்திலிருந்து வரும் காய உதிரம், ஹைளு அன்று. சுத்தம் செய்து, வுளூச் செய்து தொழலாம். சோதனை செய்துகொண்டதனால் மட்டும் குளிப்புக் கடமையாவதில்லை; வுளூவைப் புதுப்பித்துக்கொண்டால் போதும். நோன்பு வைத்த பகலில் இச்சோதனையைத் தவிர்ப்பதே பேணுதலாகும். உள்ளே கருவி செலுத்துவது ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பை முறிக்கும். ரமளானுக்கு முன்போ பின்போ நாள் குறித்துக்கொள்ளலாமே.

முடிவு வரும்போதும் பதறலாகாது. என் முதல் தாளில் 'மாதிரி போதவில்லை, மீண்டும் எடுக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தஹஜ்ஜுதில் அழுதேன். உயிரணுக்கள் போதிய அளவு கிடைக்காவிட்டால் அப்படி எழுதுவது வழக்கம்தான் என்று மறுநாள் மருத்துவர் விளக்கினார். மூன்று மாதம் கழித்து மீண்டும் எடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், குறை ஏதும் இல்லை.

மாற்றம் இருப்பதாக வந்தாலும் அது புற்றுநோய் என்று பொருளன்று. உருப்பெருக்கிக் கருவியால் உற்றுப் பார்ப்பார்கள். தேவையெனில் ஒரு துளித் தசையை எடுத்துச் சோதிப்பார்கள். ஆரம்ப மாற்றமாயின், அவ்விடத்தை மட்டும் குளிர்வித்தோ வெப்பமூட்டியோ அழிப்பார்கள். அல்லது சிறிதளவு வெட்டி நீக்குவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கருப்பையை எடுக்க வேண்டிய நிலை பொதுவாக ஏற்படுவதில்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மாதவிடாய் நின்றபின் வரும் உதிரம், தாம்பத்தியத்துக்குப் பின் வரும் உதிரம், இரு மாதவிடாய்களுக்கு இடையில் வரும் உதிரம், துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்படுதல் ஆகியவை இருந்தால், அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கலாகாது. சென்ற பரிசோதனையில் குறையில்லை என்று வந்திருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லா உதிரமும் புற்றுநோய் அன்று. ஆனால் எது என்று பார்த்தால்தான் தெரியும்.

துர்எண்ணம் வேண்டாம்

இந்தக் கிருமி நெருங்கிய உறவின் வழியே தொற்றுகிறது என்று கேள்விப்பட்டதும் சிலருடைய உள்ளத்தில் ஷைத்தான் விதைக்கும் ஐயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மணவாழ்வு கண்டவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கிருமி தொற்றிச் செல்கிறது. அது எப்போது, எவரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. மறைந்து கிடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் வெளிப்படும். ஆகவே ஒரு தாளில் கிருமி உண்டு என்று வந்ததைக் கொண்டு மனைவியின் கற்பையோ கணவரின் ஒழுக்கத்தையோ சந்தேகிப்பது அறிவும் ஆகாது, மார்க்கமும் ஆகாது. ஆதாரமின்றிப் பத்தினிப் பெண்கள்மீது பழி சுமத்துவதை அருள்மறை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம்.

நம் பெண்மக்களுக்கு இக்கிருமியைத் தடுக்கும் ஊசியும் வந்துள்ளது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிகுந்த பயன் தரும். இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்ட ஊசி 2023-இல் வெளிவந்தது. ஊசி போட்டவர்களும் பிற்காலத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை.

சகோதரர்களுக்கும் ஒரு சொல்

இக்கட்டுரையை வீட்டு ஆண்களும் படிக்கக் கூடும். மனைவி தானாக வாய் திறந்து கேட்கமாட்டாள். "உனக்கு அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா? நாளை நானே அழைத்துப் போகிறேன்" என்று நீங்கள் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் சொல்லுங்கள். தங்கைக்கும் உம்மாவுக்கும் சொல்லுங்கள். பெண் மருத்துவரும் தாழிட்ட கதவும் கேட்டு வாங்கித் தருவது உங்கள் ரோஷத்துக்கு அழகு. சோதனையே வேண்டாம் என்று தடுப்பது அழகன்று.

என்னைப் போல் ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹைளு பாடத்தை நடத்தும் நாளில் கால்மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். பக்கத்துச் சுகாதார நிலையச் செவிலியரை அழைத்து வந்து அந்தக் கருவியை மாணவியருக்கும் அவர்தம் தாய்மாருக்கும் காட்டச் சொல்லுங்கள். கையால் தொட்டுப் பார்த்த கருவிக்கு எவரும் அவ்வளவாக அஞ்சுவதில்லை.

இப்போதும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். மஸ்அலாவைச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், "எப்போதிலிருந்து? மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்கிறேன். இல்லை என்று தலையசைத்தால், "வாருங்கள், நானும் உடன் வருகிறேன்" என்கிறேன். இதுவரை நான்கு பேரை அழைத்துச் சென்றிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு ஆரம்ப மாற்றம் இருந்து, சிகிச்சை முடிந்து, இன்று நலமாக இருக்கிறார். அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் என் லாத்தாவை நினைத்துக்கொள்கிறேன்.

வல்ல அல்லாஹ் லாத்தாவின் கப்ரை விசாலமாக்குவானாக! நம் பெண்கள் அனைவருக்கும் உடல் நலத்தையும், அதைப் பேணும் அறிவையும் துணிவையும் அருள்வானாக! ஆமீன்.